கம்பெனியில் தேங்கிய சரக்கு நம் ஊர் இல்லங்களுக்கு வருமா? வாசகர் கேள்வி பதில்

விற்காமல் மிஞ்சிய புதுப் பொருள்களைக் கம்பெனிகளிடம் வாங்கித் தொண்டு இல்லங்களுக்குக் கொடுக்கும் அமைப்புகளைப் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கம்பெனிக்காரர்கள் ஏன் புதுப் பொருளைச் சும்மா கொடுக்கிறார்கள்? பழுதானதைத் தலையில் கட்டுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. இதற்கென்று அமைப்புகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?
– குழந்தைகள் இல்ல நிர்வாகி, காரைக்குடி

சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால் மிஞ்சும் சரக்கில் பெரும்பகுதி பழுதானதல்ல. அட்டைப்பெட்டியின் வடிவத்தை மாற்றியிருப்பார்கள், பழைய வடிவத்தைக் கடைக்காரர் எடுக்க மாட்டார். தீபாவளிக்கென்று தைத்த சட்டையில் சில அளவுகள் மட்டும் நின்றுபோகும். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ ஸ்டிக்கர் ஒட்டிய ஷாம்பு அந்தத் தேதி கடந்ததும் கிடங்கில் முடங்கும். காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே பெரிய கடைகள் திருப்பி அனுப்பிவிடும் பொருள்களும் உண்டு. கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போவதால் கம்பெனிக்கு இடம் காலியாக வேண்டும்.

இதை ஒரு முறையாகவே வளர்த்தது அமெரிக்கா. இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்கில் 1977இல் தொடங்கிய நேயர் (NAEIR) என்ற அமைப்பு, 1983இல் ‘கிஃப்ட்ஸ் இன் கைண்ட்’ என்று தொடங்கி இன்று குட்360 என்று வழங்கும் அமைப்பு, பிரிட்டனில் அன்றைய இளவரசர் சார்லஸ் 1996இல் ஏற்படுத்திய இன் கைண்ட் டைரக்ட் எல்லாம் ஒரே வழியில் இயங்குபவை. கம்பெனி மொத்தமாகக் கொடுக்கும், அமைப்பு பட்டியல் போடும், பதிவு செய்த தொண்டு நிறுவனங்கள் வேண்டியதைக் கேட்டு வாங்கும். பொருளுக்கு விலை கிடையாது. கையாளும் செலவையோ லாரி வாடகையையோ பெறுபவர் கட்ட வேண்டும். அங்கே கம்பெனிக்கு வரியிலும் பலன் உண்டு. நோயாளிகள், ஏழைகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்காகச் சரக்கைக் கொடுத்தால், அடக்கவிலையோடு லாபத்தில் பாதியையும் சேர்த்து, அடக்கவிலையின் இரண்டு மடங்குக்கு மேற்படாமல் கழித்துக்கொள்ள அவர்கள் சட்டம் இடம் தருகிறது.

நம் நாட்டில் அந்தச் சலுகை இல்லை. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் போன்ற அமைப்புகள் வீட்டுப் பொருளையும் கம்பெனிச் சரக்கையும் பெற்றுப் பிரித்து ஊர்களுக்கு அனுப்புகின்றன. மற்றபடி நம் பக்கத்தில் பெரும்பாலும் கம்பெனியும் இல்லமும் நேராகப் பேசி முடிப்பதுதான். அதனால் பிரித்தெடுக்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

என்னென்ன தாள்கள் கேட்பார்கள்? நாங்கள் ‘எது கொடுத்தாலும் சந்தோஷம்’ என்று எழுதிப் போட்டோம். பதிலே இல்லை.
– முதியோர் இல்லக் காப்பாளர், பள்ளத்தூர்

தாள்கள் எளிது. அறக்கட்டளைப் பத்திரம், பான் அட்டை, வருமான வரிப் பதிவு (12ஏபி), இருந்தால் 80ஜி சான்று (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்க உதவுவது), நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் தொண்டு நிறுவனமாகப் பதிந்த எண், கடைசி ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு, இல்லம் நடத்துவதற்கான பதிவு. குழந்தைகள் இல்லமானால் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப் பதிவு இல்லாமல் எந்தப் பொறுப்புள்ள கம்பெனியும் பேசாது. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி வைத்திருங்கள்.

பதில் வராததற்குக் காரணம் நீங்கள் எழுதிய அந்த வரிதான். ‘எது கொடுத்தாலும்’ என்று எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு கிடங்கு மேலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அவரிடம் பற்பசை 4,000 டியூப் இருக்கிறது. உங்களுக்கு எத்தனை என்று அவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முறைச்சிட்டை (சீர், முறைகளின் பட்டியல்) எழுதும் ஊர் நம்முடையது. அந்தக் கண்டிப்போடு தேவைப் பட்டியல் எழுதுங்கள். முதலில் ஆள் கணக்கு: ஆண், பெண், வயது, சட்டை அளவு, செருப்பு அளவு. அடுத்து மாதச் செலவு. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒருவர் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 1 கிராம் பற்பசை எடுத்தால் இரண்டு வேளைக்கு 2 கிராம், மாதம் 60 கிராம். 40 பேருக்கு 2,400 கிராம், அதாவது 150 கிராம் டியூப் 16. குளியல் சோப்பு, துணி சோப்பு, டயப்பர், கிருமிநாசினி எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் எடை பார்த்து இப்படி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் கையில் இருந்தால் வரும் சரக்கை எவ்வளவு ஏற்கலாம் என்பதும் தானாக வந்துவிடும். காலாவதிக்கு மீதமுள்ள மாதத்தில் ஒன்றைக் கழியுங்கள், மாதச் செலவால் பெருக்குங்கள். 9 மாதம் மீதமுள்ள பற்பசை 300 டியூப் தருகிறேன் என்றால், 8 × 16 = 128 மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு வேறு இல்லத்தின் பெயரைச் சொல்லுங்கள். கழித்த அந்த ஒரு மாதம் லாரி வந்து சேரவும் பிரித்து அடுக்கவும் போய்விடும். 300ஐயும் வாங்கினால் கடைசி 172 டியூப்பைக் குப்பைக்குக் கொண்டுபோகும் செலவு உங்களுடையது.

பட்டியலின் அடியில் ‘இவை வேண்டாம்’ என்று ஒரு பகுதியும் எழுதுங்கள். மருந்து மாத்திரை, காலாவதித் தேதி அழிந்த எதுவும், ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கர், பொம்மை, ஒற்றைச் செருப்பு, ஒரே அளவில் வரும் துணி மூட்டை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் யாரும் எடுக்காத பழந்துணி மலையாகக் கிடந்ததை நாடே பார்த்தது. அங்கே குறைவாக இருந்தது நல்ல மனசு அல்ல, கேட்டுவிட்டு அனுப்பும் பழக்கம். வேண்டாததை வேண்டாம் என்று எழுதிய இல்லத்தைத்தான் கிடங்கு மேலாளர் அடுத்த முறையும் கூப்பிடுகிறார். அவருக்கும் தன் மேலதிகாரியிடம் ‘பயன்பட்டது’ என்று காட்ட வேண்டியிருக்கிறதே.

எங்கள் நிறுவனத்தில் சட்டை சுமார் 3,000 தேங்கியிருக்கிறது. சொந்த ஊர்ப் பக்கம் இல்லங்களுக்குக் கொடுக்க ஆசை. ஆடிட்டர் ‘எரித்துவிடுவது சுலபம்’ என்கிறார். உண்மையா?
– சென்னையில் வேலை பார்க்கும் தேவகோட்டை வாசகர்

ஜிஎஸ்டி கணக்கில் பார்த்தால் எரிப்பதில் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. 2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு, அழித்த சரக்கு, கணக்கிலிருந்து நீக்கிய சரக்கு, அன்பளிப்பாகக் கொடுத்த சரக்கு ஆகிய மூன்றையும் ஒன்றாகவே வைக்கிறது. மூன்றிலும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்குக்காக முன்பு கட்டிக் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை, திருப்பிக் கட்டத்தான் வேண்டும். ஆகவே வரியைக் காட்டி எரிக்கச் சொல்வது சரியல்ல. எரிப்பதற்கும் ஆள்கூலி, வண்டிக் கூலி, சான்று எல்லாம் உண்டு.

ஆடிட்டரின் பேச்சில் நியாயமான பகுதி வேறு. பொருளாகக் கொடுத்தால் 80ஜி கழிவு கிடையாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டுமே அதைத் தருகிறது (2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு). சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கிலும் சேர்க்க முடியாது. 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. பொருளை விலை போட்டு அந்தச் செலவாகக் காட்டக் கூடாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருந்தும் அப்படிக் காட்டப் பார்ப்பதால்தான் சில கம்பெனிகள் இல்லத்திடம் ‘இத்தனை லட்சம் பெற்றோம்’ என்று விலை போட்ட ரசீது கேட்கின்றன. இல்லம் நடத்துபவர்கள் இதைக் கவனியுங்கள்: ரசீதில் பொருளின் பெயர், எண்ணிக்கை, தேதி மட்டும் இருக்கட்டும். மதிப்பு எழுத வேண்டியிருந்தால் ‘கொடுத்தவர் தெரிவித்த மதிப்பு’ என்று எழுதுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அளவு வாரியாக எண்ணிப் பட்டியல் போடுங்கள். 3,000இல் 1,800 எக்ஸ்எல் என்றால் சிறுவர் இல்லத்துக்கு அது உதவாது. முதியோர் இல்லம், மனநலக் காப்பகம், துப்புரவுப் பணியாளர் சங்கம் என்று பாருங்கள். விலைச்சீட்டைக் கத்தரித்து, உள்பட்டியில் அழியாத மையால் ‘விற்பனைக்கு அல்ல’ என்று முத்திரை குத்துங்கள். வெளிப்பக்கம் குத்தாதீர்கள், உடுத்துகிறவர் முகம் சுளிக்கும்படி எதுவும் தெரியக் கூடாது. டெலிவரி சலான் போடுங்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினாலும், வெளிமாநிலத்திலிருந்து 50,000ஐத் தாண்டினாலும் இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி மின்சீட்டு) வேண்டும். இலவசம் என்பதால் விலக்கு இல்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் ஆயுளைக் கணக்கிடுவார்கள். வழியில் வண்டி மாறினால் புது வண்டி எண்ணைப் பதிய மறந்துவிடுகிறார்கள், சோதனையில் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீடு பூட்டியே கிடக்கிறது. சுற்றுவட்டார இல்லங்களுக்கு வரும் சரக்கை இறக்கி வைக்கும் பொதுக் கிடங்காகக் கொடுக்கலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

தாராளமாக. ஒரு லாரிச் சரக்கைத் தனி ஒரு இல்லத்தால் ஏற்க முடியாது, பத்து இல்லம் சேர்ந்தால் முடியும். அதற்கு இடம்தான் முதல் தேவை. ஆனால் பொருளை விட முதலில் பங்காளிகளைப் பாருங்கள். வீடு எத்தனை புள்ளிக்கு (குடும்பத்துக்கு)ப் பொதுவோ அத்தனை பேரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்று வீடு திறக்கும் நாள்களை முன்கூட்டியே குறித்து வாங்கி, அந்த வாரத்தில் லாரி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்படாத ஒப்பந்தமாக இருக்கட்டும்.

இறக்குவது பின்வாசல் வழியாக. முன்புறம் திண்ணைப் படி உயரம், முகப்பு நிலையில் பெட்டி இடித்தால் பர்மா தேக்கு வேலைப்பாடு போய்விடும். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால் பின்தெருவில் 14 அடி வண்டி வரை நிறுத்தலாம். 32 அடி கண்டெய்னர் லாரி திரும்பாது. அதைக் காரைக்குடியில் நிறுத்தி இரண்டு மூன்று நடையாக மாற்றி ஏற்ற வேண்டும், இந்தக் கூலியை யார் தருவது என்று வண்டி கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள்.

வளவை (நடுமுற்றப் பகுதியை)ச் சுற்றியுள்ள அறைகள் சுவர் கனமானவை, வெயில் இறங்காது, சரக்குக்கு நல்லது. தாழ்வாரத்தில் மட்டும் ஒரு பெட்டியும் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்து மழை தெறித்து அடிப்பெட்டி ஊறிவிடும், மேலடுக்கு சரிந்து விழும். நாட்டு ஓட்டுக் கூரையில் எந்த அறை ஒழுகுகிறது என்பதை ஆவணியிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். மாடி அறைகளில் கனமான பெட்டிகளை அடுக்க வேண்டாம். பழைய மர உத்திரம் எவ்வளவு தாங்கும் என்று ஊகிப்பது ஆபத்து. ஓட்டுக்கு அடியிலுள்ள அறையில் சித்திரை, வைகாசி வெயிலுக்கு முகக் கிரீமும் சாக்லேட்டும் உருகிப் பிரிந்துவிடும்.

தரையில் நேராகப் பெட்டி வைத்தால் கரையான் அட்டையை முதலில் பிடிக்கும், சுவரோரப் பெட்டிகளை இன்னும் சீக்கிரம். மரத்தட்டு போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். தட்டின் அடியில் துருத்திய ஆணி ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கீறிவிடும், பழைய சாக்கை மடித்துக் கீழே போடுங்கள். கம்பெனித் தட்டுகள் அகலமானவை, உள்ளறை நிலைக்குள் நுழையுமா என்று அளந்து பாருங்கள். நுழையாவிட்டால் ஊர்த் தச்சரிடம் சிறிய சட்டங்கள் செய்துகொள்வதே நல்லது. உயரம் ஐந்து அடுக்குக்கு மேல் வேண்டாம், பெட்டியிலேயே அடுக்கு எண்ணிக்கை அச்சிட்டிருந்தால் அதன்படி. சோப்பு, பினாயில் வைத்த அறையில் அரிசியோ பிஸ்கட்டோ வைத்தால் இரண்டே வாரத்தில் வாசம் ஏறிவிடும். முதலில் காலாவதியாவது வாசலுக்கு அருகில், பிந்தியது உள்ளே. ஒவ்வொரு பெட்டியிலும் காலாவதி மாதத்தைத் தடித்த பேனாவால் எழுதுங்கள். கம்பெனி அச்சிட்ட எழுத்தை அந்த இருட்டறையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கணக்கு இரண்டு ஏடு போதும். நாள்வழியில் வந்ததும் போனதும். பேரேட்டில் பொருளுக்கு ஒரு பக்கம், பெற்றுச்சென்ற இல்லத்தின் கையெழுத்தோடு. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து ஏட்டோடு ஒப்பிடுங்கள். சாவி இருவரிடம், இருவரும் வந்தால்தான் திறக்கும்படி.

மிஞ்சியதை விற்று அரிசி வாங்கலாமா?
– புதுவயல் வாசகி

கூடாது. ‘விற்க மாட்டோம், மாற்ற மாட்டோம்’ என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்குகிறோம். கம்பெனியின் பெரிய பயமே தன் சரக்கு பாதி விலையில் சந்தைக்கு வந்து, உள்ளூர் ஏஜென்ட் சண்டைக்கு வருவதுதான். பெட்டியின் பேட்ச் எண்ணை வைத்து யாருக்குக் கொடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு இல்லம் விற்றால், அந்தக் கம்பெனி மாவட்டத்துக்கே கொடுப்பதை நிறுத்திவிடும். மிஞ்சினால் கொடுத்தவரிடம் ஒரு மின்னஞ்சலில் அனுமதி பெற்று இன்னொரு இல்லத்துக்குக் கொடுங்கள்.

தேதி நெருங்கிய பிஸ்கட், சத்துமாவு வாங்கலாமா?
– அங்கன்வாடிக்கு உதவும் குழு, கோட்டையூர்

தேதிக்குள் உண்டு முடிக்க முடிந்தால் வாங்கலாம், தேதி கடந்தால் ஒரு நாளானாலும் கூடாது. உபரி உணவைப் பெற்று வழங்குவதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. வழங்கும் அமைப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மூல உறை கிழியாமல், சீட்டு தெளிவாக இருக்க வேண்டும். உப்பிய பொட்டலம், பிரித்து ஒட்டிய உறை எதையும் இறக்கும்போதே திருப்பி அனுப்புங்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறவினர்கள் தங்கள் கம்பெனியில் மிஞ்சியதைக் கண்டெய்னரில் அனுப்புகிறேன் என்கிறார்கள்.
– கண்டனூர் வாசகர்

அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டுக் கம்பெனி தரும் பொருளும் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பங்களிப்புதான், பணம் மட்டுமல்ல. அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அறக்கட்டளை மட்டுமே பெற முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அதாவது ‘பதிவுள்ள இல்லம் வாங்கிப் பக்கத்து இல்லங்களுக்குப் பிரிப்பது’ என்ற வழி அடைபட்டுவிட்டது. இதற்கு மேல் சுங்கவரியும் துறைமுகத் தங்கல் கட்டணமும். உறவினர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பட்டும். அந்தப் பணத்தில் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வேண்டிய அளவில் வாங்குவது எல்லா வகையிலும் மேல். குடியுரிமை மாறியவர் என்றால், உறவினரே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான்.

ஒரு ஐடி கம்பெனி 25 பழைய லேப்டாப் தருகிறது. எங்கள் பள்ளிக்கு ஏற்கலாமா?
– தலைமை ஆசிரியை, திருப்பத்தூர்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், 11ஐ ஏற்காத கணினிகளைக் கம்பெனிகள் கழித்துவிடுகின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டால் பள்ளிப் பாடத்துக்குத் தாராளமாகப் போதும். 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் இருக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமானது, கம்பெனி தன் தொலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்களின் வரிசை எண்களை நீக்கியிருக்க வேண்டும், கணினி தொடங்கும் நிலையிலேயே பூட்டும் பயாஸ் கடவுச்சொல்லையும் எடுத்திருக்க வேண்டும். நீக்காவிட்டால் விண்டோஸைப் புதிதாக ஏற்றியதும் கம்பெனியின் நுழைவுத் திரை வந்து நிற்கும். கடவுச்சொல் இருந்தால் லினக்ஸ் ஏற்ற விடாமலும் போகலாம். உள்ளூர்க் கடைக்காரரால் இதை எளிதில் எடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் சார்ஜர் வேண்டும், உப்பிய பேட்டரி இருந்தால் ஏற்காதீர்கள். ஓடாத கணினியை நன்கொடை என்று தள்ளுபவர்களும் உண்டு. அதை 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிப்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பது கம்பெனியின் பொறுப்பு, பள்ளியின் வேலை அல்ல.

பொருள் கொடுத்த கம்பெனி, பிள்ளைகள் கையில் பொருளோடு போட்டோ கேட்கிறது. மறுத்தால் அடுத்த முறை கொடுக்க மாட்டார்களோ?
– காப்பக ஊழியர், காரைக்குடி

மறுக்கத்தான் வேண்டும். காப்பகத்துப் பிள்ளைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவதை இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது, தண்டனையும் உண்டு. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மரியாதையாக எழுதுங்கள். அடுக்கிய பெட்டிகளின் படம், பேரேட்டுப் பக்கத்தின் நகல், மூன்று மாதம் கழித்து ‘இவ்வளவு செலவானது, இவ்வளவு மீதம்’ என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை யாரும் கேட்பதில்லை, அனுப்புபவர்களும் மிகக் குறைவு. கம்பெனியில் அடுத்த லாட் பற்றி முடிவெடுப்பவருக்கு போட்டோவை விட அது உதவும். சட்டத்தைச் சொன்ன பிறகும் பிள்ளைகளின் முகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கம்பெனியின் பொருள் நமக்கு வேண்டாம்.

வீட்டில் சீர் வந்த எவர்சில்வர், பித்தளைச் சாமான் பெட்டி பெட்டியாக இருக்கிறது. பிள்ளைகள் யாரும் எடுக்கவில்லை. இந்த அமைப்புகளிடம் கொடுக்கலாமா?
– தேவகோட்டை ஆச்சி ஒருவர்

ஆச்சி, கம்பெனிச் சரக்கு வாங்குபவர்கள் ஒரே மாதிரிப் பொருள் நூற்றுக்கணக்கில் இருந்தால்தான் எடுப்பார்கள். உங்கள் சாமான் பக்கத்து இல்லங்களுக்கு நேராகவே போகலாம். தட்டு, டம்ளர், மூடியுள்ள தூக்கு, பெரிய அண்டா என்று எவர்சில்வரைத் தனியாகப் பட்டியல் போட்டு, இரண்டு மூன்று இல்லத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். பித்தளை இல்லங்களுக்குத் தோதுப்படாது. ஈயம் பூசாமல் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது, பூசுபவரும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அதை எடைக்கோ பழம்பொருள் கடையிலோ நல்ல விலைக்குக் கொடுத்துப் பணமாகக் கொடுங்கள். காசோலையாகக் கொடுங்கள், ஏனென்றால் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் 80ஜி கழிவு கிடைக்காது. பழைய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்பவருக்குத்தான் அந்தக் கழிவும். பெயர் வெட்டிய பாத்திரங்களைப் பேரப்பிள்ளைகளிடம் ஒரு முறை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.